ஜப்பான் மேப்பிளுக்கு நான் கட்டிய கல்லறை

மரம், செடி, கொடி பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று இருபத்தோராம் வயதில் ஒரு பெரிய மனுஷியின் முகத்துக்கு நேரே சொன்னவன் நான். அன்றைய தேதியில் எனக்கு அடையாளம் தெரிந்த மரங்கள் மொத்தம் நான்கு: தென்னை, மா, வாழை, புளி. (வாழை மரமே இல்லை என்று பிற்பாடு தெரியவந்தது. ஆக, மூன்று.)

புளியைத் தெரிந்து வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. கிருஷ்ணகிரியில் என் சித்தப்பா புளி மண்டி நடத்திவந்தார். இண்டர்மீடியட் பரீட்சையில் நான் இரண்டாவது தடவையும் கோட்டை விட்டதும், அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "பேசாம சித்தப்பா மண்டிக்குப் போயிடு. கொட்டை எடுக்கவாவது ஆள் வேணுமாம்" என்றார். மண்டியில் வேலை பார்ப்பவர்களை எனக்குத் தெரியும். குளித்துவிட்டு வந்தாலும் புளி வாசம்தான். எந்த வேலை கிடைத்தாலும் சரி, அந்த மண்டிக்கு மட்டும் போவதில்லை என்று சபதம் எடுத்திருந்த சமயத்தில்தான், ஓசூரில் டாக்டரம்மா வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள படித்த பையன் வேண்டும் என்று காதில் விழுந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது.

டாக்டரம்மா என்றால் எஸ்தர் அம்மா. மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தளிக்குப் போகிற சாலையில் ஓட்டு பங்களா, சுற்றிலும் தோட்டம். நான் போனபோது பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்ததால் என்னைக் கொஞ்சம் முன்னே வரச் சொல்லி உற்றுப் பார்த்தார்.

"ஜப்பான் மேப்பிள் தெரியுமா உனக்கு?"

"தெரியும்மா."

"எங்க பாத்த?"

நான் யோசிக்கவே இல்லை. "கிருஷ்ணகிரியிலம்மா. அணை கட்டற எடத்துல."

(அணை அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை லாரியும் அத்தனை இன்ஜினியர்களும் வந்துபோகிற இடத்தில் எதுவும் இருக்கலாம் என்பது என் கணக்கு.)

டாக்டரம்மா இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்தார். "கிருஷ்ணகிரியிலயா?" என்றார்.

"சின்னதாதாம்மா இருந்தது."

என்ன நினைத்தாரோ, வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். கூடவே விஷயத்தையும் சொன்னார். ஆஸ்பத்திரியில் அவரோடு பல வருஷம் வேலை பார்த்த ஜப்பான் தேசத்து நர்ஸ் ஒருவர், ஊர் திரும்பியபின் தன் வீட்டு மேப்பிள் மரத்தின் விதைகளை அனுப்பியிருக்கிறார். அதன் பிறகு அந்த அம்மாள் காலமாகிவிட்டார். அந்த விதைகளை பெங்களூரில் மூர்த்தி என்கிற செடிப் பைத்தியம் ஒருத்தர் முளைக்க வைத்துப் பன்னிரண்டு கன்றுகள் தயாராக வைத்திருக்கிறார். இனி கேட்டாலும் விதை அனுப்ப ஆள் இல்லை.

"ஆறு மாசம் பாக்கறேன், வரதா. பன்னெண்டுல பாதியாவது உயிரோட இருந்தா வேலை உனக்கு நெரந்தரம். இல்லேன்னா நீ உங்க சித்தப்பாகிட்டயே போயிடு" என்றார். மண்டி விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பெங்களூருக்குப் பஸ் ஏறினேன். மூர்த்தி கன்னடக்காரர், வெள்ளை வேட்டி, காதில் பென்சில். கன்றுகள் ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம், சின்னத் தகர டப்பாவில், கழுத்தில் நம்பர் கட்டிய தகடோடு நின்றன. இலைகள் ஐந்தாறு விரல் விரித்த குழந்தைக் கை மாதிரி, சிவப்பாக. அழகுதான், மறுக்கவில்லை.

"மத்தியானத்து மேல வெய்யில் ஆகாதப்பா. வேர்ல தண்ணி நிக்கக்கூடாது, ஆனா காயவும் கூடாது. மிச்சமெல்லாம் இதுல இருக்கு" என்று ஒரு ஆங்கிலப் புத்தகத்தை என் கையில் வைத்தார். பிறகு அதையே பிடித்துக்கொண்டு, "புஸ்தகம் பத்திரம்" என்றார். பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை "பத்திரம்". பஸ் கிளம்பியபோது ஜன்னல் வழியாக இன்னொரு தடவை.

திரும்பி வரும்போது எல்லைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். போலீஸ்காரர் என் மடியிலிருந்த கன்றைப் பார்த்தார், இலையைக் கசக்கி மோந்தார், என்னையும் மோந்தார். கஞ்சாச் செடி இல்லை என்று அவருக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது. அந்த இலையைப் பார்த்து ஏமாந்த முதல் ஆள் நான் இல்லை என்பது எனக்கு அப்புறம் பெரிய ஆறுதலாக இருந்தது.

பங்களாவில் வேலை செய்த முனியம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பேரிகைப் பக்கத்து ஆள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். பங்களாவின் பின்பக்கத்திலேயே குடியிருந்தாள். கன்றுகளைப் பெரிய மண் தொட்டிக்கு மாற்ற நல்ல மண் வேண்டும் என்றதும், "நம்ம கொல்லையில இருக்குது சாமி. எருவும் சருகும் மக்கி வெண்ணெய் மாதிரி கெடக்குது, வாரிக்கோ" என்றாள். வாரிக்கொண்டேன். அவள் கீரை விதைக்காகக் காய்ந்த காய்களைப் போட்டு அடிக்கிற இடம் அது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தொட்டிகளை முன்வாசல் போர்டிகோவின் இரண்டு பக்கமும் ஆறு ஆறாக வரிசை வைத்தேன். பார்க்க ராஜ தோரணை. போர்டிகோ மேற்குப் பார்த்தது. மூர்த்தி எந்த வெயில் ஆகாது என்று சொன்னாரோ அந்த வெயில் தினமும் இரண்டு மணிக்கு வந்து ஆறு மணி வரைக்கும் தொட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தது.

கார்த்திகைக் கடைசியில் டாக்டரம்மா கண் ஆபரேஷனுக்காக வேலூர் கிளம்பினார். அங்கிருந்து மெட்ராஸில் மகள் வீடு, பங்குனியில்தான் திரும்புவார். காரில் ஏறுமுன் ஒவ்வொரு தொட்டியாகத் தடவிப் பார்த்தார். "பாத்துக்கோ, வரதா" என்றார். அவ்வளவுதான்.

அவர் போன பத்தாம் நாள் இலை நுனிகள் கருகின. மார்கழிக் குளிர் இறங்கியது. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் தரையெல்லாம் சிவப்பு. அடுத்த வாரம் ஒரு இலை கூட இல்லை. பன்னிரண்டு தொட்டியில் பன்னிரண்டு ஊதுவத்திக் குச்சி நின்றது.

எனக்குக் கைகால் ஓடவில்லை. ஒரு குடம் ஊற்றிய இடத்தில் மூன்று குடம் ஊற்றினேன். சாக்குப் போர்த்தினேன். புத்தகத்தைத் திறந்தேன். மேப்பிள் பற்றிய பாகத்தில் வண்ணப்படம் ஒன்று இருந்தது, அதற்கு அடுத்த பக்கங்கள் ஓரம் வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அந்தக் காலத்துச் சில புத்தகங்கள் அப்படித்தான் வரும், படிக்கிறவர்தான் கத்தியால் பிரித்துக்கொள்ள வேண்டும். நான் கத்தியை எடுத்தேன். மூர்த்தியின் "பத்திரம்" மூன்று தடவையும் காதில் கேட்டது. கத்தியை வைத்துவிட்டேன். ஆக, ஜப்பான் மேப்பிளைப் பற்றி என் படிப்பு முழுவதும் ஒரு படம்.

"செத்துப்போச்சா சாமி?" என்றாள் முனியம்மா.

"தூங்குது" என்றேன். எனக்கே தெரியாமல் அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அது. பாவி, நானே அதை நம்பவில்லை.

பொங்கல் கழிந்தது. ஒரு நாள் காலை, நாலாம் தொட்டியில் குச்சியின் காலடியில் ஒரு தளிர். மறுநாள் ஐந்தில், ஒன்பதில். ஒரு வாரத்தில் பன்னிரண்டிலும். தண்டு சிவப்பு. முதலில் வந்த இலை வட்டமாக இருந்தது, பின்னால் வந்ததெல்லாம் விரல் விரிந்து ரம்பப் பல்லோடு வந்தது. படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அதேதான். போர்டிகோவில் நின்று வாய்விட்டு அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

செத்த மரம் வேரிலிருந்து துளிர்த்துவிட்டது என்று தீர்மானித்தேன். புதுத் தளிருக்கு இடம் வேண்டுமே. பழைய குச்சிகளைப் பிடி மண்ணோடு பெயர்த்தேன். (குச்சியின் வேர் வெள்ளையாக, ஈரமாக, உயிரோடு இருந்தது. தளிருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செத்ததற்கு இத்தனை புது வேர் எதற்கு என்று கேட்கக் கொஞ்சம் மூளை வேண்டும்.)

தூக்கி எறியக் கை வரவில்லை. நாளைக்கு டாக்டரம்மா பழைய குச்சி எங்கே என்று கேட்டால்? எனவே வீட்டின் பின்னால், துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, பலா மரத்தடியில் வரிசையாகப் பன்னிரண்டு குழி எடுத்து, குச்சிகளை நிற்க வைத்தபடியே அடக்கம் செய்தேன். நம்பர் தகடு கழுத்திலேயே இருந்தது. ஆளுக்கொரு கூழாங்கல்லும் வைத்தேன். அதோடு அந்தப் பக்கம் போகவில்லை. முனியம்மா மட்டும் தினமும் பலாச் சருகைக் கூட்டி அங்கே தள்ளிக்கொண்டிருந்தாள்.

முன்வாசலில் என் ராஜ்யம் நடந்தது. தொட்டிகளுக்கு வேலி கட்டினேன், யாரும் தொடக்கூடாது என்று எழுதி வைத்தேன். வாரம் ஒரு கடிதம் டாக்டரம்மாவுக்கு. அவர் கண்ணில் கட்டு, மகள்தான் படித்துக் காட்டுவார். "கன்றுகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன." "இடுப்பை எட்டிவிட்டன." மகளிடமிருந்து பதில் வந்தது: "அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நர்ஸம்மா பற்றித்தான் தினமும் பேசுகிறார்." அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒரே ஒரு தொல்லை. வாரம் தவறாமல் சனிக்கிழமை காலையில் பார்த்தால் கொழுந்தெல்லாம் காணாமல் போயிருக்கும். நகத்தால் கிள்ளியதுபோல அவ்வளவு சுத்தமாகக் கடித்திருக்கும். சனிக்கிழமைப் பூச்சி என்று அதற்குப் பெயரே வைத்தேன். வேப்பெண்ணெய் அடித்தேன். அந்த வாரம் வந்தது, அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரம் மறுபடி வந்துவிட்டது.

மாசிக் கடைசியில் பூத்தது. மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. உடனே எழுதினேன். டாக்டரம்மா மகளிடம் சொல்லி அதை பெங்களூர் மூர்த்திக்கு எழுத வைத்திருக்கிறார். ஆறே மாதத்தில் இடுப்பு உயரம் வளர்ந்து மஞ்சளாகப் பூத்த ஜப்பான் மேப்பிளை என் கண்ணால் பார்க்காமல் விடமாட்டேன் என்று மூர்த்தி பதில் போட்டாராம்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பெங்களூரிலிருந்து இரண்டு கார்கள் வந்து நின்றன. ஒன்றில் மெட்ராஸிலிருந்து ரயிலில் பெங்களூர் வந்து இறங்கியிருந்த டாக்டரம்மா, கூடவே மூர்த்தி. இன்னொன்றில் மூர்த்தியின் செடிப் பைத்தியக் கூட்டாளிகள் நாலு பேர். நான் சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, வேலியைத் திறந்துவிட்டு நின்றேன்.

டாக்டரம்மா கெட்டிக் கண்ணாடி போட்டிருந்தார். முதல் தொட்டியின் இலையை உள்ளங்கையில் ஏந்தினார். "கை மாதிரியே இருக்குடா" என்றார். இலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். என் தலை வான்வரைக்கும் போய்விட்டது.

மூர்த்தி பன்னிரண்டு தொட்டியையும் ஒரு சுற்று சுற்றினார். ஒரு இலையைக் கிள்ளினார். வாயில் போட்டு நிதானமாக மென்றார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "வரதராஜன், உப்பு இருக்கா?" என்றார்.

"உப்புங்களா சார்?"

"உப்பும் ரெண்டு காஞ்ச மொளகாயும். மிச்ச புளிப்பெல்லாம் இதுலயே இருக்கு. இது கோங்குராப்பா. புளிச்சக்கீரை."

நான் சண்டைக்கே போய்விட்டேன். புத்தகத்தை எடுத்து வந்து படத்தைக் காட்டினேன். ஒவ்வொரு விரலாக எண்ணிக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து முனியம்மா காப்பித் தட்டோடு வந்தாள். டாக்டரம்மா அவளிடம், "முனியம்மா, இது என்ன செடி?" என்றார்.

"கோங்குராம்மா. நம்ம கொல்லை வெதை. நல்ல ஜாதி."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம என்னம்மா. வாரா வாரம் நாந்தான பறிக்கறேன்." பிறகு என்னைப் பார்த்து, "சாமி வேப்பெண்ண ஊத்துன வாரம் மட்டும் சட்னி கசந்துபோச்சு" என்றாள்.

(சனிக்கிழமைப் பூச்சியை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.)

"தெரிஞ்சும் ஏன் இவன்கிட்ட சொல்லல?"

முனியம்மா தட்டை இறக்கி வைத்தாள். "இதுல சொல்ல என்னம்மா இருக்குது? நாங்க கோங்குரான்னு சொல்றோம். நீங்க புளிச்சக்கீரைன்னு சொல்றீங்க. கன்னடக்காரங்க வேற சொல்றாங்க. ஜப்பான்காரங்க மேப்பிளுன்னு சொல்லுவாங்க போலன்னு நெனச்சேன். நமக்கு மூணு பாஷைதான தெரியும்."

பெங்களூர்க்காரர்கள் நாலு பேரும் சிரித்தார்கள். ஒருத்தர் போர்டிகோத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் காது கொதித்தது. புளி மண்டியில் எனக்கான சாக்கு விரித்தாகிவிட்டது என்று தெரிந்தது. அதுகூடப் பரவாயில்லை. டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவை நுனியால் துடைத்துக்கொண்டே, "ஒண்ணு கூடவா மிஞ்சல, வரதா?" என்றார். என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"எல்லாம் செத்துப்போச்சும்மா. பொதைச்சுட்டேன்."

"எங்க?"

"பின்னாடி, பலா மரத்தடியிலம்மா."

"வா, காட்டு" என்று கையை நீட்டினார். அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். பின்னால் மொத்தக் கூட்டமும் வந்தது. சிரிப்பு அடங்கிப்போயிருந்தது.

பலா மரத்தடியில் சருகு மூடிக் கிடந்தது. துவைக்கிற கல்லிலிருந்து அலசிய தண்ணீர் மெல்லக் கசிந்து அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கூழாங்கற்களைக் காட்டலாம் என்று மண்டியிட்டுச் சருகை விலக்கினேன். சிவப்பாக ஏதோ இருந்தது. மிளகாய்ப் பழம் என்று நினைத்தேன். இன்னும் விலக்கினேன்.

குச்சி. குச்சியின் தலையில் இரண்டு கைகள், எதிரெதிராக. அதற்குக் கீழே இன்னும் இரண்டு, எதிரெதிராக. சின்னது, பாப்பாக் கை.

அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்துதான் அறிவு வந்ததோ. முன்வாசலில் மூன்று மாதம் நான் சீராட்டிய செடியில் இலை இந்தப் பக்கம் ஒன்று, கொஞ்சம் மேலே அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறித்தான் வந்தது. இங்கே இரண்டு இலையும் ஒரே கணுவில், நேருக்கு நேராக. படத்தை எடுத்துப் பார்த்தேன். படத்திலும் நேருக்கு நேர்தான். மூன்று மாதமாகத் தினம் பார்த்த படம்.

"சார், எல எதிரெதிரா வந்திருக்கு" என்றேன். குரல் கிரீச்சிட்டது.

மூர்த்தி வெள்ளை வேட்டியோடு சோப்புத் தண்ணீரில் மண்டி போட்டார். தகட்டைத் திருப்பினார். "மூணாம் நம்பர்" என்றார். அடுத்தது நாலு. ஐந்து. ஆறு. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகச் சருகைக் கிளறிக்கொண்டே போனோம். பதினொன்று துளிர்த்திருந்தன. ஏழாம் நம்பர் மட்டும் நிஜமாகவே செத்திருந்தது. (அந்த ஒன்றுக்குத்தான் நான் முறையாகக் காரியம் செய்திருக்கிறேன்.)

மூர்த்தி என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினார். ஒட்டிய பக்கங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாக்கத்தியால் சர்ரென்று கிழித்துப் பிரித்து உரக்கப் படித்தார். குளிர்காலத்தில் இலை முழுவதும் கொட்டும், கண்டு பயப்படவேண்டாம். இடம் மாற்றுவதாக இருந்தால் அப்படி இலை இல்லாத சமயத்தில் மாற்றுவதே நல்லது. பெரிய மரத்தின் நிழல் வேண்டும், காலை வெயில் போதும். வேரைச் சருகால் மூடி வைக்கவேண்டும். மண் எப்போதும் ஈரம் காக்கவேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது.

படித்து முடித்து மூடினார். பலாவை நிமிர்ந்து பார்த்தார். துவைக்கிற கல்லைப் பார்த்தார். "இந்த எடத்தை யாரப்பா செலெக்ட் பண்ணது?"

"நாந்தான் சார்."

"என் அனுபவத்துல இதைவிட நல்ல எடம் நான் பாத்ததில்ல. எப்படி முடிவு பண்ணே?"

"கல்லறைக்கு நெழலா இருக்கட்டுமேன்னு..."

அப்போதுதான் டாக்டரம்மா சிரித்தார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர. "புது ஆபரேஷன்மா, கண்ணு" என்று முனியம்மா பதறுகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு மூன்றாம் நம்பர் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது, "பாதி கேட்டேன். பதினொண்ணு குடுத்திருக்க. நாளையிலேருந்து வேலை நெரந்தரம்" என்றார். அந்தக் கூட்டத்தில் பரீட்சை எழுதிக் கோட்டை விட்டவன் நான் ஒருத்தன்தான். அன்றைக்கு அத்தனை பேருக்கும் நடுவில் கலெக்டர் மாதிரி நின்றேன், சட்டையெல்லாம் சேறு.

முன்வாசல் செடிகளும் வீண்போகவில்லை. முனியம்மா பன்னிரண்டு தொட்டியையும் மொட்டை அடித்து, ராகிக் களியும் புளிச்சக்கீரைக் கடைசலும் செய்தாள். செடிப் பைத்தியங்கள் களியை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மூர்த்தி போகும்போது கீரை விதை ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டார்.

அந்த வேலையில் நான் முப்பது வருஷம் இருந்தேன். பலா மரத்தடி மேப்பிள்கள் ஆள் உயரம் தாண்டின. வேலை நிரந்தரமான இரண்டாம் வருஷம் ராயக்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போனோம். கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பெண் பார்த்து முடித்துச் சாப்பிட உட்கார்ந்ததும், இலையில் முதலில் விழுந்தது புளிச்சக்கீரை. பரிமாறியது பெண்ணேதான். "என்ன மரம்னு தெரியுதுங்களா?" என்றாள், தலையைக் குனிந்தபடி. அவள் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் ஒரு வாய் எடுத்து மென்றேன். "மேப்பிள். உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன். சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தேதி குறித்துவிட்டார்கள்.

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் புளிச்சக்கீரைக்கு மேப்பிள் என்றுதான் பெயர். "இன்னிக்கு என்ன கொழம்பு?" "மேப்பிள்." வீட்டுக்குள் இருந்தவரை பரவாயில்லை. என் மகள் ஐந்து வயதில் ராயக்கோட்டைச் சந்தைக்கு அவள் அம்மாவோடு போய், கீரைக்காரரிடம் "ரெண்டு கட்டு மேப்பிள்" என்று கேட்டிருக்கிறாள். கீரைக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெண் எதைக் காட்டுகிறாள் என்று பார்த்தார், இரண்டு கட்டு எடுத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் நான் போனபோது, தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்று மூன்று பாஷையிலும் கூவி முடித்துவிட்டு, நாலாவதாக அவர் கூவிக்கொண்டிருந்தது: "மேப்பிளே, மேப்பிளே."